பழசு அண்ணாச்சி சொன்ன இரண்டு சுருள்

1973 மே 9, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஊருணியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அலுவலகம். மதியம் தயிர்ச்சோறு, மாவடு. ஆறரைக்குத் திருச்சுழி டூரிங் கொட்டகையில் பெஞ்சு டிக்கெட். பழைய படம் ஒன்று ‘புத்தம் புதிய காப்பி’ என்ற சுவரொட்டியோடு திரும்பி வந்திருந்தது.

சினிமாவைப் பற்றிப் பழசு அண்ணாச்சிக்குத் தெரியாத எதுவும், அதை எடுத்தவர்களுக்கும் தெரியாது. இதை நான் எந்த முத்திரைத் தாளிலும் எழுதித் தருவேன். தொழில் ஆட்டுத் தரகு. எந்தப் படம் மறுபடி வந்தாலும் “பழசுல இப்படி இல்ல” என்றே பேச்சைத் தொடங்குவதால் ஊர் வைத்த பெயர் அது. ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்வது போல, படம் ஓடிய இரண்டு நிமிடத்தில் எத்தனை இடத்தில் வெட்டுப்பட்டது என்று சொல்லிவிடுவார்.

ஊர் ஊராக ஓடிய படம் அங்கங்கே அறுந்துபோகும். ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் கதை போய்விடும். அப்படிப் போன கதையை எழுந்து நின்று கூட்டத்துக்குச் சொல்வது தம் கடமை என்று அண்ணாச்சி நினைத்தார். ஒருமுறை பாட்டில் இரண்டாவது சரணம் காணாமல் போனது. அண்ணாச்சியே பாடினார். தரை டிக்கெட்டிலிருந்து “இன்னொருக்கா!” என்று குரல் வந்தது. இன்னொருக்காவும் பாடினார். அதற்குள் திரையில் கதாநாயகிக்குக் கல்யாணம் முடிந்திருந்தது.

பழைய கதையைப் புதிதாக எடுத்து அனுப்பினாலோ, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்.

“ஏன் அண்ணாச்சி, பிடிக்கலையா?” என்று கேட்டேன்.

“பழசுல வில்லன் பீடி குடிச்சான். இவன் சிகரெட்டு குடிக்கான். வில்லனுக்கே வசதி வந்துருச்சுன்னா கதை எங்கய்யா நிக்கும்?”

சித்திரையில் ஒரு நாள், வெட்டுப்பட்ட சண்டையை நடித்தே காட்டுகிறேன் என்று திரைக்கு முன்னால் போய்விட்டார். கதாநாயகியின் முகம் முழுக்க அவருடைய தலைப்பாகை நிழல். கொட்டகை முதலாளி கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டு, இனி உள்ளே வரக் கூடாது என்றார். அதன்பின் இரண்டு வாரம் அண்ணாச்சி கீற்றுத் தட்டிக்கு வெளியே நின்று, வசனத்தை மட்டும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு பிடிக்கவும் போகவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது.

மே 9 அன்றுதான் அந்த விபரீதம். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்த படப்பெட்டிகளில் ஒன்றை இறக்க மறந்துவிட்டார்கள். அது பஸ்ஸின் கூரையிலேயே நரிக்குடி தாண்டி வீரசோழன் போய்விட்டது. நடுவில் வரும் இரண்டு சுருள் அதற்குள் இருந்தன. இடைவேளை முடிந்தும் திரை வெள்ளையாகவே நின்றது. கூட்டம் பெஞ்சைத் தட்டியது. முதலாளி ஓடிப்போய்த் தட்டிக்கு வெளியே நின்றவரை அழைத்து வந்தார்.

“அண்ணாச்சி, அந்த ரெண்டு சுருளையும் நீங்கதான் சொல்லணும். சரியாச் சொல்லிட்டீகன்னா நாளையிலருந்து பழையபடி உள்ள வரலாம். மாத்திச் சொன்னீக, தட்டிப் பக்கம்கூட நிக்க விடமாட்டேன்.”

“நானா மாத்துவேன்?” என்று துண்டை உதறிப் பெஞ்சின் மேல் ஏறினார் அண்ணாச்சி.

சொன்னார் ஐயா! பிரிந்துபோன மகன், தாய்க்குக் காய்ச்சல், மழை, தந்தி, ஓடும் ரயில். ரயிலையும் அவரே ஊதினார். தாய் பாயில் கிடந்து வாசலையே பார்க்கும் இடம் வந்ததும் பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நடுவில் தடுத்த மண்சுவருக்கு அப்பாலிருந்து ஒருத்தி அலறினாள்:

“அண்ணாச்சி, உங்களக் கும்புடுறேன், அந்த ஆத்தாளக் கொன்னுராதீக!”

அண்ணாச்சி நின்றுவிட்டார். பேச்சின் நடுவில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை. சுவரின் பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“சாகலைத்தா. கண்ணு முழிச்சுட்டா. மகன் கையால கஞ்சி குடிச்சா.”

கொட்டகை இடிகிற மாதிரி விசில்.

அடுத்த சுருள் ஓடியது. முதல் காட்சியிலேயே சுவரில் தாயின் படம். படத்துக்கு மாலை, கீழே விளக்கு.

“ஏலே, கஞ்சி குடிச்சவ செவுத்துல தொங்குறா!” என்றது தரை டிக்கெட்.

அண்ணாச்சி அசரவில்லை. “இது புதுக் காப்பி. இதுல கொன்னுட்டானுக. பழசுல சாகலை.”

படம் விட்டதும் முதலாளி அவரை நிறுத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“கிளார்க்கய்யா, இந்தப் படம் மொதல்ல வந்தப்பவே பாத்தேன்னு சொன்னீகள்ல? தெனமும் டைரி எழுதுற ஆளு. பழசுல அந்தம்மா செத்தாளா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் தீர்ப்பு.”

அண்ணாச்சி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

வியாழக்கிழமை ஐந்தரைக்கு எழுந்து, பல்லைக்கூடத் துலக்காமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து 1961-ஆம் வருட டைரியை எடுத்தேன். என் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: ‘தாய் இறக்கும் கட்டம் நன்று.’ டைரியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நேரே கொட்டகைக்கு நடந்தேன். முதலாளி வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றிருந்தார்.

“சாகலை. கஞ்சி குடிச்சா” என்றேன்.