எலுமிச்சையின் கட்டைவிரல்

திண்டுக்கல்லில் எது மேடு, எது பள்ளம் என்று மழைத்தண்ணீருக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆள் எலுமிச்சைதான். மழைத்தண்ணீருக்குக்கூடச் சில சமயம் சந்தேகம் வந்து தெருமுனையில் தேங்கி நிற்கும். எலுமிச்சை தேங்கியதில்லை.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரியும். அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதால் கம்பெனியில் எல்லோரும் அழைத்த பெயரையே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கம்பெனிக்கு மேனேஜராக இருந்தேன். முதலாளி மதுரையில் இருந்தார். மாதம் ஒருமுறை வருவார். கம்பெனிக்கு ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. காருக்கு ஒரு பழைய பேட்டரி இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து டிரைவராக எலுமிச்சை இருந்தார். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் எதையோ சந்தேகப்படுகிற முகம். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம்.

காரை எங்கேயாவது நிறுத்த வேண்டும் என்றால் முதலில் இறங்குவார். பழத்தை எடுத்து ரோட்டில் வைப்பார். குந்தி உட்கார்ந்து அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்ப்பார். உருண்டால் அங்கே வண்டி நிற்கும். உருளாவிட்டால் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவார். செல்ஃப் எடுக்காத வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டால், பிரேக்கை விட்டு உருளவிட்டே கிளப்பிவிடலாம் அல்லவா? அந்தச் சரிவுக்கு அவர் வைத்த பெயர் வாட்டம். "சிறுமலைப் பழம் மட்டுந்தேன் சார் நெசம் சொல்லும். நாட்டுப்பழம் கோணலா இருக்கும், பொய் பேசும்" என்பார்.

கண்ணேறு கழிக்கிறார் என்று நினைத்து ஒரு அம்மாள் தன் குழந்தையைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தியதுண்டு. ஒருமுறை ரோட்டில் வைத்த பழத்தை ஆடு தின்றுவிட்டது. அன்று எலுமிச்சை அரைமணி நேரம் காரை எங்கே விடுவது என்று தெரியாமல் ஊரையே சுற்றி வந்தார்.

எங்கள் கேஷியர் அந்தோணி பேங்குக்குப் போவதற்காகக் காரில் ஏறுவார். கார் பேங்கைத் தாண்டிப் போகும். மலைக்கோட்டை அடிவாரத்தில் நல்ல வாட்டம் பார்த்து நிற்கும். அந்தோணி இறங்கி, வந்த வழியே நடந்து பேங்குக்கு வருவார்.

"ஏலே எலுமிச்சை, ஆபீஸ்ல இருந்து நடந்திருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சு திரும்பியிருப்பேன்லே."

"நடந்திருக்கலாம்ண்ணே. காருக்கும் செத்த ஓய்வு கெடச்சிருக்கும்."

முதலாளியின் சம்பந்தி வீட்டார் ஒரு கல்யாணத்துக்கு வந்தார்கள். கல்யாணம் நடந்த சத்திரம் சமதளத்தில் இருந்தது. அடுத்த தெருவில் இன்னொரு சத்திரம்; அதன் வாசலில் அருமையான வாட்டம். அங்கேயும் வாழைமரம், மேளம், கல்யாணம். எலுமிச்சை அங்கே நிறுத்தி, "இந்தத் தெரு வழியாப் போய் வலப்பக்கம் திரும்புங்க" என்று பணிவாகச் சொன்னார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எட்டுப் பேரும் நேராக உள்ளே போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, முன்பின் தெரியாத மணமக்களுக்கு அட்சதை போட்டு, "பொண்ணு போட்டோவுல பார்த்ததைவிட நல்லா இருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மறுநாள் முதலாளி ஃபோனில் என்னிடம் கத்தினார். நான் எலுமிச்சையிடம் கத்தினேன்.

"பேட்டரிய மாத்திக் குடுங்க சார். பந்தி வரைக்கும் காரைக் கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

பேட்டரிக்கு அவர் வைத்திருந்த பெயர் பெரியவர். தினமும் காலையில் என் மேஜை முன் நின்று பெரியவரின் உடல்நிலையைச் சொல்வார். "இன்னைக்கு எந்திரிச்சு உக்காந்தாரு சார், பேச்சு இல்ல." "முனகுனாரு." "லைட்டப் போட்டா ஹாரன் அடிக்கல, ஹாரன் அடிச்சா லைட்டு எரியல. ஏதாச்சும் ஒண்ணுதேன் செய்வேங்குறாரு." ஹாரன் சத்தத்தை வைத்தே அன்றைக்கு செல்ஃப் எடுக்குமா, எடுக்காதா என்று அவர் சொல்லிவிடுவார். இப்போது நினைத்தால் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். எலுமிச்சம்பழத்தையும் ஹாரனையும் நம்புகிறவனாக என்னை நான் நினைத்துக்கொள்ளவில்லை. மதுரையிலிருந்து ஆசிட்டின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று வாங்கிவந்தேன். வாரம் ஒருமுறை பேட்டரியின் மூடியைத் திறந்து ஆசிட்டை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் அளவுகோலைப் பார்த்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைப்பேன். புள்ளிகளை இணைத்த கோடு என் அறைச் சுவரில் தொங்கியது. கோடு கீழே இறங்கவே இல்லை.

"சார், பெரியவரை மாத்திரலாம்" என்று எலுமிச்சை முதலில் சொன்னது ஒரு பொங்கல் சமயம்.

"குழாய் வேற சொல்லுதேப்பா."

"குழாய் படுத்திருக்கிற ஆளோட நாடியப் பாக்குது சார். எந்திரிச்சு ஒரு மூட்டையத் தூக்கச் சொல்லிப் பாருங்க, தெரியும்."

"வண்டி தினமும் கிளம்புதா, இல்லையா?"

"கிளம்புது."

"அப்புறம் என்ன?"

"வண்டி எங்க சார் கிளம்புது? ரோடுல்ல கிளப்பி விடுது."

பொங்கலுக்குக் கேட்டபோது வெயில் வரட்டும் என்றேன். வெயிலில் கேட்டபோது மழை வரட்டும் என்றேன். மழை வந்தபோது தீபாவளி போகட்டும் என்றேன். எனக்கு முன்னால் இருந்த மேனேஜர் ஒரு பேட்டரியை மூன்று வருஷம் ஓட்டினாராம். நான் நாலு வருஷம் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. முதலாளி வந்தபோது சுவரில் இருந்த கோட்டைக் காட்டினேன். "படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதான்" என்றார். அதற்குப் பிறகு பேட்டரியை மாற்றுவது என்றால் அந்தக் கோடு பொய் என்று ஒத்துக்கொள்வது போல ஆகிவிட்டது.

செத்துப்போன பேட்டரியை எலுமிச்சை ஒன்பது மாதம் திண்டுக்கல்லின் மேடுகளில் தோள் கொடுத்துச் சுமந்தார். அவர் ஒருநாளாவது காரை நடுரோட்டில் படுக்கவிட்டிருந்தால் நான் மறுநாளே மாற்றியிருப்பேன். அவர் விடவில்லை. அவருடைய திறமைதான் அவருடைய புகாருக்கு எதிரான என் சாட்சி.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. அது கட்டைவிரல். சரிவு கிடைக்காத இடத்தில் காரின் மூக்கில் ஹேண்டிலைச் சொருகிக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சில நேரம் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். அப்போது கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றிக் கோத்திருந்தால் கை போய்விடும். மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்திருந்தால் கை விலகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இதைக் கம்பெனியில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். கார் ஓட்டவே தெரியாத அந்தோணிக்குக்கூட ஆபீஸ் குடையை ஹேண்டிலாகப் பிடிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார். "கட்டைவெரலுக்கு இங்க வேலையில்லண்ணே. அத வெளிய நிக்கச் சொல்லுங்க." அந்தோணி பிறகு நடக்கும்போதும் குடையை அப்படியே பிடித்தார். பாதி நாள் குடை கீழே விழும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தது. புகையிலை பார்க்க ஒட்டன்சத்திரம் போனோம். சந்தை நாள். எலுமிச்சை ரோட்டோரம் பழத்தை வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு தக்காளி வியாபாரி கவலையோடு வந்து, "ஏனுங்க, எங்க லாரிக்கு ஏதும் ஆயிருமுங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆவாது. எங்க வண்டிக்குத்தேன் ஆயிரும்" என்றார் எலுமிச்சை. பிறகு என்னிடம், "சார், இங்கன வாட்டம் இல்ல. ரெண்டு பர்லாங் தள்ளி ஒரு பாலம் இருக்கு, அங்க நிப்பாட்டுறேன்" என்றார்.

வெயில் கொளுத்தியது. புது வேஷ்டி கட்டியிருந்தேன். அந்தச் சந்தைச் சகதியில் இரண்டு பர்லாங் நடந்துபோய் மண்டிக்காரர்கள் முன்னால் நிற்க எனக்கு மனமில்லை. "மண்டி வாசல்லயே நிறுத்து" என்றேன். நிறுத்தினார்.

திரும்பி வந்து ஏறினோம். செல்ஃப் எடுக்கவில்லை. முனகல்கூட இல்லை. பின்னால் கேரளாவுக்குப் போகிற லாரி, நிறையத் தக்காளி. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். மண்டிக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

"நாலு பேரக் கூப்பிட்டுத் தள்ளிரலாம் சார்" என்றார் எலுமிச்சை.

நாலு பேர் தயாராகவும் இருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் மேனேஜரின் காரைத் தள்ளுவதா என்று எனக்குக் கூச்சம்.

"ஹேண்டில் போடுய்யா" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். கூட்டத்துக்கு முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்ததால், காரின் முன்பக்கம் குனிந்து, மேற்பார்வை பார்ப்பவன் போல அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆகையால் எனக்குத் தெரியும். இருபது, முப்பது தடவை சுற்றியிருப்பார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. அடுத்த சுற்றில் ஹேண்டில் எதிர்ப்பக்கம் உதைத்தது. காய்ந்த புகையிலைத் தண்டு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

எலுமிச்சை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். குனிந்தபோது பையிலிருந்த பழம் விழுந்து, காருக்கு அடியில் போய், பின் சக்கரத்தைத் தாண்டி உருண்டது. அவர் கண் அதன் பின்னாலேயே போனது.

"சார், இந்தப் பக்கம் வாட்டம் இருக்கு" என்றார். "நான் சரியாப் பாக்கலை."

லாரியைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லி, நாலு பேர் பின்பக்கமாகத் தள்ளினார்கள். பத்தடியில் கார் கிளம்பிவிட்டது. ஒரு லாரி டிரைவர்தான் எங்களைத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவந்தார். வழியெல்லாம் எலுமிச்சை பின்சீட்டில் சாய்ந்தபடி, "இன்ஜினை மட்டும் அமத்திராதீங்கண்ணே" என்று அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அந்தக் கையால் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்ப முடியாது. என்ன நடந்தது என்று முதலாளி எழுதிக் கேட்டார். சுவரில் என் கோடு தொங்கிக்கொண்டு இருந்தது. நான் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதினேன். பேட்டரி திருப்தியான நிலையில் இருந்தது என்றும், டிரைவர் கட்டைவிரலை ஹேண்டிலைச் சுற்றிப் பிடித்ததே விபத்துக்குக் காரணம் என்றும் எழுதினேன். நல்ல இங்கிலீஷ். ஒரு பிழைகூட இல்லை.

எலுமிச்சையை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே புதுப் பேட்டரி வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். கோடு போட்ட தாளைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

கடிதத்தின் நகலை ஃபைலில் வைத்தவர் அந்தோணி. வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார். "கட்டைவெரலா சார்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் குடை கொண்டுவருவதை விட்டுவிட்டார். மழையில் நனைந்துகொண்டே வருவார்.

இரண்டு வருஷம் கழித்து ஆத்தூர் பக்கம் போனபோது, அணைக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் எலுமிச்சை காவலுக்கு இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். இடது கையால் எனக்கு இளநீர் வெட்டினார். வலது கை மடியில் கிடந்தது.

"பெரியவரை மாத்தியாச்சா சார்?" என்றார்.

"மாத்தியாச்சு."

"எப்ப?"

"கொஞ்ச நாள் ஆச்சு."

"நல்லதாப் போச்சு. புதுசா வந்த டிரைவர் கை பொழச்சுது." அவர் அதைக் குத்திச் சொல்லவில்லை. உண்மையாகவே நிம்மதிப்பட்டார்.

கிளம்பும்போது கூடவே கார் வரைக்கும் வந்தார். "அந்தோணியண்ணே சொன்னாரு, காயிதம் எழுதுனீங்கன்னு. வேலை போனதப் பத்தி ஒண்ணுமில்ல சார், இந்தக் கையோட யாரு வச்சுக்குவா? ஆனா கட்டைவெரல வெளியதேன் வச்சிருந்தேன். நீங்க பக்கத்துல நின்னீங்க. ஊருக்கெல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. அதுல நானே தப்புப் பண்ணேன்னு இருக்க வேணாம். அத மட்டும் மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றேன்.

முதலாளி அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். மாதம் ஒருமுறை வந்தார். மாதம் ஒருமுறை அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். புகையிலையைப் பற்றிப் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி பேட்டரியைப் பற்றி வரும். பயம் அவ்வளவுதான், அதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எலுமிச்சை காலமானது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பிறகு முதலாளி போனார். அந்தோணியும் போய்விட்டார்.

கேட்க வேண்டியவர்கள் யாரும் இல்லாததால், இதைப் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன். அன்று ஒட்டன்சத்திரத்தில் எலுமிச்சையின் கட்டைவிரல் மற்ற நாலு விரலோடு ஒரே பக்கத்தில்தான் இருந்தது. நான் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

என் மகனிடம் இப்போது ஒரு கார் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் போதும், கிளம்பிவிடுகிறது. இருந்தாலும் அவன் வீட்டு வாசலில் அதை நிறுத்தும்போதெல்லாம், இன்னும் நாலடி பின்னால் விடச் சொல்கிறேன். ஏன் என்று கேட்பான். அங்கே கொஞ்சம் வாட்டம் இருக்கிறது.