முதல்பந்தி அக்கா

"சமூகவியலா? அது எந்தக் கடையில மக்கா விக்கும்?"

நான் எம்.ஏ. சேர்ந்த அன்று பெரியப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனாலும் அன்று சிரித்து மழுப்பினேன். இன்று கேட்டால் முதல்பந்தி அக்காவைக் காட்டுவேன். இரணியல் வட்டாரத்தில் அவள் ஒருத்தி உட்கார்ந்து நடத்திக் காட்டியதை, ஆயிரம் பேர் எழுந்து நின்று பேசியும் நடத்தவில்லை.

அக்காவுக்கு அண்டி ஆபீஸில் வேலை. முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். கொட்டை உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அவளுடைய சொந்தப் பெயர் ஆதார் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் ஊர்க் கல்யாணங்களில் முதல் பந்தி ஆண்களுக்கு. பெண்களான எங்களுக்குக் கடைசி. அதற்குள் சோறு ஆறிவிடும், பப்படம் தீர்ந்துவிடும், அடைப்பிரதமன் பாயசம் இருந்த இடத்தில் காலி உருளி மட்டும் இருக்கும். அக்கா மட்டும் போய் முதல் பந்தியின் முதல் இலையில் உட்காருவாள்.

"ஏட்டி, இது ஆம்பிளையளுக்க பந்தியாக்கும்!"

"எலைக்கு மீசையா இருக்கு?"

ஒரு கல்யாணத்தில் பரிமாறுகிறவர்கள் பேசிவைத்துக்கொண்டு அவள் இலையைத் தாண்டிப் போனார்கள். அக்கா கோபப்படவில்லை. பக்கத்து இலையிலிருந்து பப்படத்தை எடுத்தாள். பிறகு அவியலை எடுத்தாள். இலைக்காரர் ஊர்ப் பிரமுகர்.

"என்னம்மா இது, எனக்க எலையில கை வைக்கிய?"

"எனக்கு விளம்பினா நான் எதுக்கு ஒமக்க எலைக்கு வாறேன்?"

பிரமுகரே எழுந்து வாளியை வாங்கி அவளுக்கு விளம்பினார். இன்னொரு வீட்டில் அவளை ஏமாற்றப் பந்தியைச் சீக்கிரமே போட்டார்கள். அவள் அதற்கும் முன்னால் வந்திருந்தாள். பல கல்யாணங்களில் தாலி கட்டுவதை அவள் பார்த்ததே இல்லை. கெட்டிமேளம் கேட்டதும் இலை முன்னால் இருந்தபடியே மண்டபத்தை நோக்கி அட்சதையை வீசுவாள்.

இதெல்லாம் என்ன போராட்டம் என்று ஒருமுறை கேட்டேன். "போராட்டமா? பிரதமன் சூடா குடிக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

சமூகம் எப்படி மாறுகிறது என்று பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடம், ரயில், சட்டம், வளைகுடாப் பணம். எல்லாம் உண்மைதான். யார் யாரோடு ஒரே வரிசையில் உட்காரலாம் என்ற பழைய சாதிச் சண்டை அப்படித்தான் எங்கள் பந்தியில் ஓய்ந்தது. பெண்கள் கடைசி என்பது மட்டும் ஓயவில்லை. அது மாறத் தொடங்கியபோது, மாற்றம் சாக்குப்போக்காகத்தான் வந்தது. ஒருத்தி "பிள்ளைக்கு ஊட்டணும்" என்று அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்தவள் "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். சாக்குச் சொல்லாமல் உட்காரத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அப்போதுதான் என் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. பந்தியை மேற்பார்க்கும் பந்தி விசாரிப்பு பெரியப்பாவுக்கு.

"அவ முத பந்தியில இருந்தா நான் எறங்கிப் போயிருவேன். நீ படிச்சவள்லா? பேசி எழுப்பு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடுமோ என்று அம்மா நடுங்கினாள்.

போனேன். அக்கா இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..."

"உனக்க அம்மை காலையில இருந்து என்ன தின்னா?"

எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டு வா. அவ தின்னாச்சுன்னா நான் எந்திரிக்கேன்."

அம்மா சமையல் கூடத்தில் நின்றாள். "கடைசியில தின்னலாம் மக்கா. எனக்குப் பசிக்கல" என்றாள். கடுங்காப்பிகூடக் குடித்திருக்கவில்லை. கையைப் பிடித்தேன், குளிர்ந்திருந்தது. அப்படியே இழுத்து வந்து அக்காவுக்கு அடுத்த இலையில் உட்கார வைத்தேன். நானும் உட்கார்ந்தேன். நான் ஒரு சாக்கும் சொல்லவில்லை.

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அப்போது மாப்பிள்ளையின் அம்மா வாசலில் வந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"எனக்கும் ஒரு எலை போடுங்க. விடியுமுன்ன பொறப்பட்டதாக்கும்."

பெரியப்பா சொன்னபடி இறங்கிப் போனார். யாராவது தடுப்பார்கள் என்று வாசலில் செருப்பை மிக நிதானமாகத் தேடினார். ஒருவரும் தடுக்கவில்லை. இரண்டாம் பந்தியில் திரும்பி வந்து சாப்பிட்டார்.

அம்மா பிரதமனை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சுடுதுட்டி" என்றாள்.

அடுத்த வாரம் அத்தை மகளுக்குக் கல்யாணம். பந்தி விசாரிப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். முதல்பந்தி அக்காவுக்கு இப்போது சர்க்கரை. ஒரு சின்ன உருளியில் வெல்லம் குறைத்துப் பிரதமன் வைக்கச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால் என்னிடம் சண்டைக்கு வருவாள்.