இன்னொரு ஆள் பாக்கணும்

அடுத்தவரை நம்பாதவர்கள் ஊருக்கு ஆயிரம் பேர் உண்டு. தன்னைத்தானே நம்பாத ஆசாமி உலகத்திலேயே ஒருவன்தான். அவன் என் அறையில் வந்து குடியிருந்தான் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வகுப்பில் அவனுக்கு வைத்த பெயர் 'செக்கிங்'. வடமதுரைப் பக்கம் தக்காளித் தோட்டக்காரர் மகன். அறுபதுகளின் தொடக்கம். விமானப் பராமரிப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், அதன் கணக்குத் தேர்வுக்காக இருவரும் திண்டுக்கல்லில் ஒரு தனிப்பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம். சுமையை எங்கே வைத்தால் விமானம் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கும் என்பது போன்ற கணக்குகள். நான் பாதியில் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முடித்துவிட்டு நோட்டை என் மூக்குக்குக் கீழே நீட்டுவான்.

"ஏலே, செத்த பாரு."

"நீ போட்டா சரியாத்தான இருக்கும்?"

"போட்டவன் கண்ணுக்குத் தப்பு தெரியாதுடா. இன்னொரு ஆள் பாக்கணும்."

கணக்கோடு விட்டானா? அறையைப் பூட்டுவான், நான் இழுத்துப் பார்க்க வேண்டும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பூட்டைச் சந்தேகப்பட்ட ஒரே பிறவி. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு தினமும் என் முன்னால் வந்து நிற்பான். ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஏறப்போனவன் நேரே டிரைவரிடம் போய், "அண்ணே, சக்கரத்து நட்டை முடுக்குன ஆளத் தவிர வேற யாராச்சும் பாத்தாங்களா?" என்றான். டிரைவர் எங்களை ஏற்றாமலே வண்டியை எடுத்துவிட்டார். கொளுத்தும் வெயிலில் நானும் சேர்ந்து நடந்தேன்.

தேர்வு மதுரையில் நடந்தது. எல்லாருக்கும் முன்னால் முடித்தவன் அவன்தான். பேசாமல் எழுந்து தாளைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே இடம் கிடைத்த மாதிரி. பாவி, பக்கத்து பெஞ்சில் இருந்த என்னிடம் நீட்டினான்.

"செத்த பாரு, அப்பு."

கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து தாளைப் பிடுங்கினார். "காப்பியா அடிக்கிறே?"

"இல்ல சார். நான் போட்டத நானே சரின்னு சொன்னா எப்படி சார்?"

வெளியே துரத்திவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாத நான் தேர்வானேன்.

பயிற்சியின் முதல் நாள் ஆசிரியர் கரும்பலகையில் முதல் விதியாக எழுதினார்: 'முக்கியமான வேலையைச் செய்தவரே சரி என்று முடிக்கக் கூடாது. இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.' எழுந்து நின்று கேட்கலாம் போலிருந்தது: இதைப் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வந்தவனையா கழுத்தைப் பிடித்துத் தள்ளினீர்கள்?

முதல் விடுமுறையில் நேரே வடமதுரைக்குப் போனேன். கிணற்றடியில் பம்புசெட்டின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். ஆத்திரம் தீர எல்லாவற்றையும் கொட்டினேன். "விடக்கூடாதுடா. எழுதிப்போட்டு நியாயம் கேப்போம்" என்றேன்.

அவன் ஸ்பானரை என் கையில் கொடுத்தான்.

"அது கெடக்கட்டும். நீ போனதுலருந்து பாக்க ஆளில்ல. மோட்டாரப் போடவே பயமா இருக்கு. செத்த பாரு."

முடுக்கிப் பார்த்தேன். நட்டு இம்மியும் அசையவில்லை. அவன் செய்ததில் என்றைக்குத் தப்பு இருந்தது? இருந்தாலும், அவனுக்காக இன்னொரு தரமும் முடுக்கிப் பார்த்தேன்.