நீக்கப்பட்டவர்களின் குளம்

ஒரு காட்டில் குட்டைகளெல்லாம் வற்றி ஒரே ஒரு குளம் மிஞ்சிய கோடையில், அந்தக் குளத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு முந்தின வருஷம்வரை தாகம் எடுத்தவர் குடித்தார். இனிமேல் பதிந்தவர்தான் குடிக்கலாம் என்று ஆணை வந்தது. பெயர், இனம், காலடித் தடம் மூன்றையும் ஏற்ற வேண்டும். பங்குனி கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவு முடியும். அப்புறம் மழை விழும்வரை புதுப் பெயர் கிடையாது. தாகத்துக்குக் கடைசித் தேதி வைத்த முதல் காடு அதுவாகத்தான் இருக்கும்.

பதிவு செய்யும் வேலை சுடலைக்கண் என்ற கீரிக்கு வாய்த்தது. தற்காலிக வேலைதான். பாம்பைக் கண்டால் பாய்கிறவன், மேலதிகாரியைக் கண்டால் எழுந்து நிற்பான். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: பதிகிறவர் தன் குடும்பத்தின் பெயரை எல்லோருக்கும் கடைசியில்தான் ஏற்ற வேண்டும். முன்னால் ஏற்றினால் ஊழல். சுடலைக்கண் ஊழல் செய்யாதவன். அதனால் ஒரு மாதமாக யானைகளையும் மிளாக்களையும் காட்டெருமைகளையும் ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வெறுங்கையோடு போனான்.

எறும்புகள் வந்தபோதுதான் வினை வந்தது. புற்றுக்கு ஒரு பெயர் போதாதா என்று சுடலைக்கண் கேட்டுப் பார்த்தான். கண்காணிப்பாளர் நரியார் ஞானசிகாமணி ஒப்பவில்லை. ஒவ்வோர் எறும்பும் ஆறு காலையும் பதிந்தது. ஓர் எறும்பு ஒரு காலை மறந்துவிட்டதாக மறுநாள் திரும்பி வந்து, வரிசையில் நின்று, அதையும் பதிந்துவிட்டுப் போனது.

கடைசி நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு வரிசையில் ஓர் ஆமை மட்டும் மிச்சம். தண்ணீர் குடிக்கத் தை பிறந்ததும் புறப்பட்டவர், அன்றுதான் வந்து சேர்ந்திருந்தார். அவருக்குப் பிறகு சுடலைக்கண், அவன் மனைவி மரிக்கொழுந்து, நாலு குட்டிகள். ஆக ஏழு பெயர். ஆமையாரின் பெயரைத் தட்டினான். திரையில் வந்தது: "இடமில்லை. மிச்ச இடம்: பூஜ்யம்."

நரியாரிடம் ஓடினான். நரியார் பல் குத்திக்கொண்டே, பழைய டிரைவர்களை நீக்கினால் இடம் வரும் என்று சொல்லிவிட்டார். எந்தக் கருவியை மாட்டினாலும் அதோடு பேச கம்ப்யூட்டருக்கு ஒரு சின்ன நிரல் வேண்டும், அதுதான் டிரைவர். கருவி செத்தாலும் டிரைவர் சாகாது. யானை உட்கார்ந்த பிரிண்டர், புலி பிறாண்டிய தடம் பதியும் கருவி, முள்ளம்பன்றி வந்துபோன பின் ஓட்டை விழுந்த ஸ்கேனர் என்று குப்பைக்குப் போன பதினேழு கருவிகளின் டிரைவர்கள் உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்தன.

ஒவ்வொன்றுக்கும் நீக்கல் விண்ணப்பம் எழுதி, நரியாரிடம் கையெழுத்து வாங்கி, ஒவ்வொன்றாக நீக்கினான். பதினேழும் போயின. ஆசையோடு திரையைப் பார்த்தான். மிச்ச இடம்: பூஜ்யம்.

கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய மந்தி ஒருவர் பக்கத்து மரத்தில் இருந்தார். கீழே இறங்காமலே, ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். அணைத்துப் போட்டான். பூஜ்யம். இன்னொருமுறை அணைத்துப் போடச் சொன்னார். எல்லா நோய்க்கும் ஒரே கஷாயம் வைத்திருக்கிற வைத்தியரிடம் எதற்கு வாதாட்டம் என்று சுடலைக்கண் பழைய பதிவுகளை வைத்திருக்கும் பதிவறைக்குப் போனான். மணி மூன்றரை.

பதிவறை பேச்சியம்மை என்ற அணிலின் பொறுப்பு. கொட்டையைப் புதைப்பதும் புதைத்த இடத்தை மறப்பதும் அவள் குலவழக்கம். ஆனால் புதைக்காமல் ஒன்றையும் விட்டதில்லை.

"அக்கா, பதினேழு டிரைவர நீக்கிட்டேன். இடம் எங்க போச்சு?"

"எங்கயும் போவல. எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு."

"நீக்கினது எதுக்கு ஒங்ககிட்ட வருது?"

"நாளைக்கே யாராவது கேட்டா?"

"ஒடைஞ்ச பிரிண்டருக்கு உள்ளத யாரு கேப்பா?"

"கேக்க மாட்டாங்கன்னு எழுதிக் குடுக்கியா?"

தற்காலிக ஊழியன் எதைத்தான் எழுதிக் கொடுப்பான்?

பேச்சியம்மைக்கு அவன்மேல் இரக்கம்தான். விவரமாகச் சொன்னாள். முன்பு ஒருமுறை யாரோ யானைகளின் வம்சாவளியை நீக்கிவிட, பெரிய ரகளை ஆனதாம். அன்றிலிருந்து எதை நீக்கினாலும் அது 'நீக்கியவை' என்ற அறைக்கு வந்துவிடும். நீக்கியதால் காலியாகும் இடமும் அந்த அறைக்கே சேரும். கம்ப்யூட்டரில் பாதி இப்போது அந்த அறைதான். சொல்லிவிட்டுத் திறந்து காட்டினாள். பதினேழு டிரைவர்களும் ஒரு மூலையில் கிடந்தன. மீதி, ஒரு காட்டையே குடிவைக்கலாம் போல வெறுமையாக இருந்தது.

இவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டான். இனிமேல் நீக்கப்போவதற்கு என்றாள். ஏழே ஏழு பெயரை அதில் வைக்கக் கூடாதா என்று கெஞ்சினான். அவள் வாலைச் சுருட்டிக்கொண்டு யோசித்தாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் விதி யார் மனசையும் கேட்டதில்லை.

"இருக்கவங்களுக்கு இங்க எடமில்ல, தம்பி. நீக்கினவங்களுக்கு மட்டுந்தான்."

வெளியே வந்தால், மரிக்கொழுந்து நாலு குட்டிகளோடு வந்து நிற்கிறாள். காலையில் இலையில் இருந்த பனியை நக்கியதோடு சரி, குட்டிகள் அப்புறம் எதையும் குடிக்கவில்லை. கடைக்குட்டி சத்தம் போடாமல் கிடந்தது. அதுதான் அவனைக் கலக்கியது. எப்போதும் கத்துகிற குட்டி அது.

"பேரு ஏத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவன் தலை குனிந்தான். ஊரெல்லாம் தண்ணீர் குடிக்க வழி செய்தவன் தன் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்க முடியவில்லையே என்று நினைத்தான். அழுதிருப்பான். அதற்கும் தண்ணீர் வேண்டுமே.

கையில் மிச்சமிருந்த நீக்கல் விண்ணப்பங்களைக் கசக்கப் போனான். அப்போதுதான் ஒன்றை முழுசாகப் படித்தான். ஒரு மாதமாகக் கையில் வைத்திருந்தும், அன்றே பதினேழு எழுதியும், ஒருமுறைகூட முழுசாகப் படிக்காத காகிதம். நீக்க வேண்டியது எது என்று கேட்டிருந்தது. யார் நீக்குகிறார் என்று கேட்டிருந்தது. காலடித் தடம் ஒட்டு என்றிருந்தது. அது முன்பு எங்காவது பதிவாகி இருந்ததா என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை.

சுடலைக்கண் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தான். நீக்க வேண்டியது: சுடலைக்கண், கீரி. நீக்க வேண்டியது: மரிக்கொழுந்து, கீரி. அவள் எட்டிப் பார்த்து, "என்னையவா நீக்குதீங்க?" என்று கேட்டாள். பேசாமல் காலை நீட்டு என்றான். நாலு குட்டிகளின் தடங்களையும் ஒட்டினான். கடைசியாக ஆமையாருக்கு ஒன்று எழுதினான். அவர் காலைத் தூக்கித் தடம் வைப்பதற்குள் பத்து நிமிஷம் ஓடிவிட்டது.

நாலே முக்காலுக்கு நரியாரின் மேஜையில் ஏழு காகிதத்தையும் வைத்தான். நரியார் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்று காடே சொல்லும். உண்மைதான், தேதியைப் படித்தார். அப்புறம் எண்ணினார். மேலிடத்தில் மாதாமாதம் எத்தனை நீக்கினீர்கள் என்றுதான் கேட்கிறார்கள், எதை நீக்கினீர்கள் என்று கேட்பதில்லை.

"ஒரே நாள்ல இருபத்து நாலு. நல்ல வேலைக்காரன்யா நீ" என்று ஏழிலும் கையெழுத்துப் போட்டார். ஐந்து அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் ஏழு பெயரும் பேச்சியம்மையின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பத்திரமாகப் புதைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் குளத்து வாசலில் காவல் காட்டுப்பன்றி அண்ணாச்சி. பெயரைத் தட்டு, காட்டினால் விடு, காட்டாவிட்டால் முட்டு. அவருக்கு இடப்பட்ட உத்தரவு அவ்வளவுதான். சுடலைக்கண்ணின் பெயரைத் தட்டினார். "பெயர் உள்ளது. நீக்கப்பட்டது. நிரந்தரம்" என்றது திரை.

அண்ணாச்சி குழம்பினார். பதிந்தவர்களுக்குக்கூட 'நிரந்தரம்' என்று வந்ததில்லை. பதிந்தவர் முப்பது வாய் குடிக்கலாம், இவர் எத்தனை வாய் குடிக்கலாம் என்று பார்த்தார். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. முட்டுவதா விடுவதா என்று தெரியாமல் நரியாரை அழைத்து வந்தார். நரியார் திரையைப் பார்த்தார். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் கையெழுத்துப் போட்டதுல தப்பு இருக்காது. விடுய்யா."

குட்டிகள் குடித்தன. கடைக்குட்டி குடித்துக் குடித்து விக்கல் எடுத்துப் பிறகு கத்த ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சுடலைக்கண் முதல் வாய் குடித்தான். மரிக்கொழுந்து அவனைப் பார்த்து, இதை ஒரு மாதத்துக்கு முன்னாலேயே செய்திருந்தால் என்ன என்று கேட்டாள். ஆமையார் மெதுவாக இறங்கினார். வெளியேறும் நேரம் என்ற கட்டமும் காலியாக இருந்ததால் அவர் வெளியேறவே இல்லை.

முப்பது வாய் குடித்துவிட்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த பதிந்தவர்கள் இதையெல்லாம் கரையில் நின்று பார்த்தார்கள். மறுநாள் நீக்கல் விண்ணப்பத்துக்கு வரிசை பனங்காட்டைத் தாண்டி நின்றது. முதலில் நின்றவர் பதிவு ஆணை போட்ட யானை அதிகாரியே. கடைசியில் எறும்புகள், ஆளுக்கு ஆறு காலோடு. வரிசைக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் நரியார் தன் விண்ணப்பத்தில் தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டார்.

சுடலைக்கண்ணை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்தார்கள். முடியவில்லை. ஏற்கெனவே நீக்கப்பட்டவனை எப்படி நீக்குவது? அதனால் அவன் வேலையும் நிரந்தரமானது.

ஒரே வாரத்தில் காடு முழுவதும் நீங்கிவிட்டது. பதிவேட்டில் ஒரு பெயர்கூட இல்லை. அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் சுடலைக்கண் திரையை எட்டிப் பார்த்தான்.

மிச்ச இடம்: பூஜ்யம்.

நீதி: இருக்கிறேன் என்று நிரூபிக்கிறவன் வரிசையில் காய்வான், என்னை நீக்கிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தவன் வயிறு நிறையக் குடிப்பான்.