நீராவிப் படகும் கதவில்லாத அறையும்

என் அக்கா பெற்ற ஒரே பிள்ளையும், எனக்குப் பிள்ளைக்குப் பிள்ளையாகவும் மருமகனுக்கு மருமகனாகவும் விளங்கும் அன்புள்ள உனக்கு, உன் தாய்மாமன் சகல ஆசிகளோடும் கொஞ்சம் மூச்சிரைப்போடும் எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். நலமில்லை. பொய் எழுத மனம் வரவில்லை. பொய் என்பது நம் வாயில் வந்ததே கிடையாது என்று உனக்குத் தெரியும். உன் நலத்தையும் உன் வீட்டுக்காரியின் நலத்தையும் அறிய ஆவல். உன் அம்மா நலம். உன் தகப்பனார் தேவைக்கு அதிகமாகவே நலம். பிரச்சினை அங்கேதான்.

நீ அனுப்பிய பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. "மாமா, நீங்கள் வாலிபத்தில் நீராவிப் படகு ஓட்டிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான், இதைக் கட்டி ஓட்டுங்கள்" என்று நீ வைத்திருந்த சீட்டைப் படித்ததும் என் கண் கலங்கிவிட்டது, உன் அம்மாவிடம் தூசி என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் என் கை நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று வெறும் படகு ஓடு, மேலே தளமில்லை, உள்ளே ஒன்றுமில்லை. தனித்தனிப் பொட்டலங்களில் செம்புக் கொதிகலன், கட்டைவிரல் பருமனில் ஒரு சிலிண்டர், ஸ்பிரிட் அடுப்பு, புகைபோக்கி, அடியில் சுழலும் விசிறி, ஒன்றைப் போலவே இன்னொன்றாக இரண்டு மெல்லிய செம்புக் குழாய். உன் தகப்பனார் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, உனக்குன்னு தனியா குளிக்கிற தொட்டி வந்திருக்கா?" என்றார். விஷயம் என்னவென்றால், பெட்டி வந்த அதே வாரத்தில்தான் நான் குடியிருக்கும் பின்னறையை ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார். என் கட்டில் கிடக்கும் இடத்தில் பல் பிடுங்கும் நாற்காலி. எனக்கு ஹாலில் பெஞ்சு. நான் விடுவேனா? "அத்தான், இந்தப் படகைக் கட்ட எனக்குத் தனியறை வேணும், இது ஹால்ல செய்யற வேலை இல்ல" என்றேன். அவர் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பைப் பல் டாக்டர் பார்த்திருந்தால் இலவசமாகவே இரண்டு பல்லைப் பிடுங்கியிருப்பார். "இத்தனை வருஷமா வாயாலயே ஓட்டுனியே, இப்ப தண்ணியில ஓட்டிக் காட்டு. பூங்காக் குளத்துல இக்கரையில இருந்து அக்கரைக்கு இது போயிடுச்சுன்னா, அந்த ரூம் உனக்கு, நீ இருக்கிற வரைக்கும். போகலைன்னா பேசாம பெஞ்சுல போய்ப் படு." உன் அம்மா, "என்னங்க இது, விளையாட்டா?" என்று கேட்டாள். "உன் தம்பிக்கு எதுதான் விளையாட்டு இல்ல?" என்றார். நான் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கை இன்னும் வலிக்கிறது.

பெட்டியில் குறிப்புத்தாள் ஒன்று இருந்தது. தெரியாதவர்களுக்காகப் போட்டிருப்பார்கள், பாவம். அதைப் பசை டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் தளத்தை ஒட்டினேன். உலகத்தில் உள்ள கப்பல் கட்டும் துறைகளில் எல்லாம் உள்வேலையை முடித்துவிட்டு அப்புறம்தான் தளம் போடுவார்களாம். அது பயந்தவர்களின் முறை. தளம் இருந்தால்தானே பார்க்கப் படகு மாதிரி இருக்கும், பார்த்தால்தானே உன் தகப்பனாருக்கு வயிறு எரியும்? பசை காயும்வரை விளிம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே என்று கொடியிலிருந்த துணிக் கிளிப்புகளை எல்லாம் உருவி வந்து சுற்றிலும் மாட்டினேன், படகு முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பார்த்துக் காற்று. உன் தகப்பனாரின் கட்டம்போட்ட டிராயர் பக்கத்து வீட்டு ஆன்டெனாவில் போய்க் கொடி மாதிரி பறந்தது. கப்பல் கட்டும் வீட்டில் கொடி பறப்பதில் என்ன தப்பு, அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள். பசை காய்ந்த பிறகு கொதிகலனை உள்ளே இறக்கினால், இறங்கவில்லை. திறப்பு சிறிசு, கொதிகலன் பெரிசு. வேறொருவனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான். நான் ரம்பத்தை எடுத்தேன். நான் அறுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பல் டாக்டர் அறையை அளக்க டேப்போடு வந்து சேர்ந்தார். என் தலைக்கு மேலே டேப்பை இழுத்து நீளம் பார்த்தார், கட்டிலுக்குக் குறுக்கே அகலம் பார்த்தார், கடைசியில் குனிந்து படகின் ஓட்டைக்குள் பார்த்துவிட்டு, "அடடா, வேர் வரைக்கும் எடுத்துட்டீங்களே" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரம்பம் கோணிக்கொண்டது. அந்தக் கோணலை மறைக்கத்தான் தளத்தின் மேல் ஒரு சின்ன அறை கட்டினேன், உன் அம்மாவின் இஸ்திரிப் பலகையின் ஓரத்தை வெட்டி; இப்போது பார்க்கிறவர்கள் எல்லாம் அந்த அறைதான் படகுக்கே அழகு என்கிறார்கள். எல்லாரும் என்றால் நான்.

பிறகு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டுப் பார்த்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பந்தியில் தூங்கி விழுகிறவன் மாதிரி. அடியில் பாரம் வைக்க வேண்டும், பாரமும் சின்னதாக இருக்க வேண்டும், கனமும் வேண்டும். வீடெல்லாம் தேடினேன். உன் தகப்பனாரின் பொருள் ஒன்றைத் தொட்டாலும் போலீஸுக்குப் போவார். கடைசியில் என் சொந்தப் பொருளைத்தான் தியாகம் செய்தேன்: என் அறைக்கதவின் பித்தளைக் கீல்களும் தாழ்ப்பாளும். கழற்றி உள்ளே வைத்து, நகராதபடி பசையை ஊற்றி இறுக்கிவிட்டேன். படகு நிமிர்ந்தது, கதவு சாய்ந்தது. கதவைச் சுவரோரமாக நிறுத்திவைத்தேன். எந்த அறைக்காகப் படகோ, அந்த அறையின் கதவே படகுக்குள் இருக்கிறது, இதைவிடப் பொருத்தம் உண்டா சொல். படகின் பின்புறத்தில், உன் அம்மாவின் கௌரவத்துக்காக, சிவப்பு பெயிண்டில் "அக்கா" என்று எழுதினேன். உன் அம்மா வந்து பார்த்தாள். அன்றைக்கு என் தட்டில் இரண்டாவது முறையும் கேட்காமலே பரிமாறினாள்.

குளக்கரையில் ஊரே திரண்டுவிட்டது. உன் அம்மாவைக் கேட்டால், நம் வீட்டாரும் பல் டாக்டரும் நாயோடு நடக்க வந்த ஒருவரும்தான் என்பாள், நாயை விட்டுவிடுவாள். நான் கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்தேன். நீராவி ஏறியது, சீட்டி அடித்தது, விசிறி சுழன்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வாலிபம் திரும்பிவிட்டது, மருமகனே, சத்தியமாகச் சொல்கிறேன், பல் டாக்டர்கூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார். படகின் மூக்கை அக்கரைக்குக் காட்டித் தண்ணீரில் விட்டேன். அது நேராகப் பின்னால் வந்து கரையில் முட்டிக்கொண்டு நின்றது. மறுபடி தள்ளினேன். மறுபடி பின்னால் வந்தது. உன் அப்பன், ஆம், அப்பன் என்றே எழுதுகிறேன், உன் அப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "படகுக்கே தெரிஞ்சுபோச்சு மாப்ளே, ஓட்டுறவன் யாருன்னு! வீட்டுக்குத் திரும்பிப் போயிடலாம்னு சொல்லுது!" என்று கத்தினான். நான் அசரவில்லை. பின்னால் போகிற படகைப் பின்னால் திருப்பிவிட்டால் முன்னால்தானே போக வேண்டும்? திருப்பிவிட்டேன். போனது! புறமுதுகு காட்டிக்கொண்டு, புகைவிட்டுக்கொண்டு, ராஜா சபையை விட்டுப் பின்வாங்குகிற மந்திரி மாதிரி மரியாதையோடு குளத்தைக் கடந்தது. பாதிக் குளம் தாண்டியது. முக்கால் குளம் தாண்டியது. உன் அப்பன் சிரிப்பை நிறுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் படகுக்கு மூக்குத்தான் உயரம், பின்பக்கம் தட்டையாகத் தாழ்ந்திருக்கும். அதைக்கொண்டு தண்ணீரைக் கிழித்தால் தண்ணீர் உள்ளே வராமல் என்ன செய்யும்? அக்கரைக்குக் கை எட்டுகிற தூரத்தில் "அக்கா" முதலில் முழுகினாள், அப்புறம் அடுப்பு சீறியது, புகைபோக்கி ஒருதரம் பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான்.

நான் விடவில்லை. "அத்தான், படகு அக்கரையில அடியோட அடியா போய்ச் சேர்ந்தாச்சு. தண்ணிக்கு மேலேயே போகணும்னு நீங்க சொல்லலையே" என்றேன். "அடேய், டிக்கெட் கிழிச்ச பயலுக்குப் பேச்சைப் பாரு!" என்றான். அந்தக் காலத்து நீராவிப் படகில் நான் டிக்கெட் கிழித்தவன் என்பது வருஷக்கணக்காக அவன் சொல்லும் அவதூறு. வழக்கம்போல நான் உன் அம்மா பக்கம் திரும்பி, "அக்கா, நீயே சொல்லு, நான் அந்தப் படகை ஓட்டினேனா இல்லையா?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்விக்கு அவள் பதிலே சொன்னதில்லை, முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விடுவாள். அன்றைக்குக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், "போதும்டா. நானும் அந்தப் படகுல வந்திருக்கேன். நீ டிக்கெட்தான் கிழிச்ச. எனக்கும் நீதான் கிழிச்ச" என்றாள். பல் டாக்டர் எதிரில். நாய் எதிரில்.

விளக்கம் சொல்லிவிடுகிறேன், உனக்குச் சந்தேகம் வரக்கூடாது. நான் ஒரு கையால் டிக்கெட் கிழிப்பேன், மறு கையால் இயந்திரம் ஓட்டுவேன். உன் அம்மா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு கைதான் தெரியும். இதை அவளிடம் சொல்லலாமென்றால் அவள் அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டை வைக்கிறாள், போகிறாள். நான் இப்போது ஹால் பெஞ்சில் படுக்கிறேன். புரண்டால் கீழே விழுகிற அகலம். காலையில் எழுந்தால் உன் அப்பன் என் காலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறான். பல் டாக்டர் நாளைக்கு நாற்காலியை இறக்கப்போகிறார். உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்டியை நீ என்னை நம்பி அனுப்பினாயா, இல்லை, உன் அப்பனைப் போலவே கிழவன் மாட்டிக்கொள்ளட்டும் பார்க்கலாம் என்று அனுப்பினாயா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது. வேண்டாம், எழுதாதே. நான் நேரிலேயே வந்துவிடுகிறேன். துணிமணியைக் கட்டியாகிவிட்டது. இந்த வீட்டுத் தண்ணீர் இனி என் தொண்டையில் இறங்காது. ஸ்டேஷனுக்கு வந்து நில். உன் வீட்டில் எனக்கு ஒரு மூலை போதும், கதவு மட்டும் இருக்கட்டும்.

நீயும் உன் வீட்டுக்காரியும் கீல் கழலாத கதவுகளோடும், கை கொட்டிச் சிரிக்காத உறவுகளோடும் நீண்ட காலம் குறைவின்றி வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நம்பிக் கெட்ட உன் தாய்மாமன்
(தெருவில் எல்லோராலும் "கேப்டன்" என்று அழைக்கப்படுபவன்)

பின்குறிப்பு: ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் சில மாற்றங்கள். பல் டாக்டர் நாற்காலியோடு வந்தார், அறைக்குக் கதவில்லாததைப் பார்த்தார். "பிடுங்கும்போது கத்துவாங்க சார், கதவு இல்லாம எப்படி?" என்று நாற்காலியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உன் தகப்பனார் அந்தக் கோபத்தில் கீல்களை மீட்கக் குளத்தில் இறங்கிப் படகைத் தூக்கிவந்தார். கீல் பெயரவில்லை, என் பசை அப்படி. ஆனால் பெயர்க்க உட்கார்ந்தவர், அந்த இரண்டு குழாயையும் பார்த்துவிட்டார். ஆயுள் முழுக்கத் தண்ணீர் மீட்டர் பார்த்த ஆள் இல்லையா, "அட மடையா, உள்ளே போற குழாயை வெளிய வர்ற இடத்துல மாட்டியிருக்கியே, அதான் எல்லாம் தலைகீழா சுத்துது" என்று கழற்றி மாற்றி மாட்டினார். நேற்று குளத்தில் விட்டோம். மூக்கை நிமிர்த்திக்கொண்டு நேராக அக்கரைக்குப் போய் நின்றது, சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. பந்தயப்படி அறை எனக்கே, அவரே சொல்லிவிட்டார், புதுக் கீலும் வாங்கி மாட்டிவிட்டார். ஆனால் விடிந்ததிலிருந்து அவர்தான் அந்த அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். நான் அறைக்குச் சொந்தக்காரனாகப் பெஞ்சில்தான் படுத்திருக்கிறேன். ஆகவே உடனே இன்னொரு படகு ஓடு அனுப்பு, இதைவிடப் பெரிசாக, அவருக்கென்று, ஹாலில் வைத்துக் கட்டுகிற மாதிரி. நேற்றுக் குளக்கரையில் புதிதாக வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் "யார் கட்டினது?" என்று கேட்டதற்கு உன் தகப்பனார் கூசாமல், "நான்தான், முழுக்க முழுக்க" என்றார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். என் விஷயத்தில் வாயைத் திறந்தவள், முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றாள். திரும்பி வரும்போது தெருமுனையில் யாரோ "கேப்டன்!" என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பினேன். உன் தகப்பனாரும் திரும்பினார். கூப்பிட்டது அவரை.