அந்தக் கேஷ் வேறு, இந்தக் கேஷ் வேறு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். முதலில் 'சம்பந்தி' என்று எழுதி, இன்னும் அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் அடித்துவிட்டு, 'ஐயா' என்று எழுதி, அது கடன் விண்ணப்பம் மாதிரி இருந்ததால் அதையும் அடித்துவிட்டு, பழையபடி சம்பந்திக்கே வந்திருக்கிறேன். காகிதம் அலங்கோலமாக இருப்பதை மன்னிக்கவும். இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. தங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் வீட்டம்மாவுக்கு என் மனைவி அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு என் பெண்ணுக்கும் தங்கள் பையனுக்கும் கல்யாணத் தேதி பேச வந்த தாங்கள், நான் போனில் பேசி முடித்துத் திரும்புவதற்குள் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். "நாங்க கிளம்பறோம்" என்று ஒரே வார்த்தை. போகிற வேகத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டீர்கள், அது கிடக்கட்டும். காலமெல்லாம் லஞ்ச ஒழிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தாங்கள். தங்கள் காதில் என்ன விழுந்தது என்பதை யோசித்து யோசித்து, நான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே வியர்த்துவிட்டது.

"டேபிள் கேஷ் பத்தலையா? ஏத்திடும்மா. ஆளாளுக்குத் தனித்தனியா எவ்வளவு புடிச்சு வச்சிருக்காங்கன்னு பாரு. இனிமே யார்கிட்டயும் தனியா வேணாம், ஒரே இடத்துல வச்சு எல்லாரும் பங்கு போட்டுக்கட்டும். பழசு ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது, சுத்தமா அழிச்சிடு. மேலிடத்துல நான் சொல்லிக்கறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி, இது பணமே இல்லை. ஆங்கிலத்தில் அந்தக் கேஷுக்கு எழுத்து வேறு, இந்தக் கேஷுக்கு எழுத்து வேறு. நம் வாயில் விழுந்தால் இரண்டும் ஒன்றுதான். நான் ஆஸ்பத்திரியில் டேட்டாபேஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் என்பது தங்களுக்குத் தெரியும். நோயாளி பெயர், டாக்டர், அறை, மருந்து எல்லாம் அதற்குள்ளே டேபிள் டேபிளாக, அதாவது பட்டியல் பட்டியலாக இருக்கும். அடிக்கடி கேட்கிற டேபிளை ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்த் திறந்துகொண்டிருக்க முடியாதே, அதனால் திறந்தபடியே கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும். அதுதான் டேபிள் கேஷ். அதே மாதிரி, 'ஒரு நோயாளி வந்தால் இன்னின்ன செய், இன்ன அறைக்கு அனுப்பு' என்று முன்கூட்டியே எழுதிச் சேமித்து வைத்த செய்முறைகள் உண்டு. இதில் என்ன கூத்தென்றால், கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் சர்வர் தனித்தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் ஆளுக்கொரு அடுப்பு வைத்துச் சமைத்தால் எப்படியிருக்கும்? இடம் பத்தாமல் தினமும் கூட்ட நேரமாகப் பார்த்து சர்வர் படுத்துவிடும், வெளியே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற தாய்மார்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

அது போதாதென்று, செய்முறையை மாற்றினாலும் ஏற்கெனவே நகல் வைத்திருப்பவருக்கு மாறியது தெரியாது. கண் டாக்டர் மாடிக்கு மாறிப் போனார். நாங்களும் செய்முறையை மாற்றிவிட்டோம். மூன்றாம் கவுண்டர் அம்மா இருக்கிறாரே, கம்ப்யூட்டரை அணைத்தால் ராசி போய்விடும் என்று அணைக்கவே மாட்டார், அவருடைய இணைப்பு மட்டும் பழைய நகலையே கட்டிக்கொண்டு அழுதது. கண் பார்க்க வந்தவர்களையெல்லாம் கீழே பழைய அறைக்கே அனுப்பினார். அங்கே இப்போது எலும்பு முறிவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு பெரியவர், கண்ணில் மருந்து ஊற்றப்போகிறார்கள் என்று கண்ணை மூடிப் படுத்திருந்தவர், திறந்து பார்த்தால் முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு! "கண்ணுக்கும் காலுக்கும் நரம்பு ஒண்ணுதானோன்னு நெனச்சேன்" என்கிறார் பாவம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எல்லாருக்கும் பொதுவாக ஒரே நகல், மாற்றினால் அடுத்த தடவை கேட்கும்போதே புதுசு கிடைக்க வேண்டும் என்று. அந்த வேலைதான் அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது. கூட வேலை பார்க்கும் பெண் அவசரமாகக் கேட்டாள், நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இதைத் தங்களுக்கு விளக்கச் சொல்லி என் மனைவியைப் பேசச் சொன்னேன். அவள் தங்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "அவர் வாங்கறது நீங்க நினைக்கற கேஷ் இல்லீங்க, இது வேற மாதிரி கேஷ்" என்றாளாம். தாங்கள் போனை வைத்துவிட்டீர்களாம். நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். சரி, ஆஸ்பத்திரி நிர்வாகியிடமே ஒரு நற்சான்று வாங்கித் தங்களுக்கு அனுப்பலாம் என்று போய், நடந்ததைச் சொல்லி அழாத குறையாக நின்றேன். அந்த மனுஷன் பாதிதான் காதில் வாங்கியிருக்கிறார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டார்: 'இன்று முதல் டேபிள் கேஷ் அனைவருக்கும் பொதுவாகப் பகிரப்படும். விவரங்களுக்கு சர்வர் அறை.' அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் டிரைவர், லிஃப்ட்காரர், துணி வெளுக்கிறவர், எல்லாரும் என் அறை வாசலில் வரிசை. "சார், எங்க பங்கு?" இல்லையென்று சொன்னால், "அப்ப முழுசும் நீங்களேவா?" என்கிறார்கள். வெளிநோயாளிப் பிரிவு எழுத்தர் ஒருவர் மட்டும் வரிசையில் நிற்காமல் தனியாக வந்து, வேர்த்து வழிய, "என் டேபிள் விஷயம் உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?" என்று காலில் விழப்போனார். அவரைப் பற்றித் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்கிறேனே, சர்வர் இப்போது படுப்பதே இல்லை. அதைக் கேட்டு யாருக்குச் சந்தோஷம்? என் பெண் இருக்கிற இருப்பைப் பார்த்தால் எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்கவில்லை. துக்கத்தை வெளியே காட்டாமல் நாள் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு அலைகிறாள். நேற்று கண்ணாடி முன்னால் நின்று தானாகவே சிரிக்கிறாள். பயமாக இருக்கிறது. ஒரே பெண், சம்பந்தி. என் வாய்த் துடுக்கால் அவள் வாழ்க்கை நின்றுபோனால் நான் தாங்கமாட்டேன். என்னை என்ன விசாரணை வேண்டுமானாலும் செய்யுங்கள், சர்வர் அறைச் சாவியைத் தருகிறேன், வந்து குடைந்து பாருங்கள். தேதியை மட்டும் குறித்துக் கொடுங்கள்.

தங்கள் குடும்பத்தார் எல்லாரும் நோய்நொடியில்லாமல், முக்கியமாக எங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல், நீடூழி வாழ்க.

தங்கள் ஒரு வார்த்தைக்காக வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கும்,
பெண்ணைப் பெற்றவன்

பின்குறிப்பு: தபால்தலை கேட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன். கடிதத்தை வாங்கிப் படித்தவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் சமாதானமாகறதுக்குள்ள எங்களுக்கு நரைச்சிடும்னுதான் முந்தாநாளே பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம்" என்கிறாள். சாட்சிகள் யார் என்று கேட்டேன். ஒன்று என் மனைவி. இன்னொன்று, மன்னிக்கவும், தங்கள் மனைவி. ஆகவே மேலே இருப்பதெல்லாம் பழைய தகவல், அதைப் படிக்க வேண்டாம். நம் இருவரிடம் மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறங்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து கோபித்துக்கொள்ளலாம்.