ஆகாச சாரின் சிவப்புப் படம்

தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்று ஆகாச சாருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். தரையில் விட்டால் டீக்கடைக்கு வழி கேட்பார். டீ குடித்து முடித்ததும் வெளியே போக வழி கேட்பார்.

அவருடைய உண்மையான பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பட்டணத்தில் மண்ணையும் வெள்ளத்தையும் ஆராய்கிற ஏதோ ஒரு ஆபீசிலிருந்து வந்தவர். வலங்கைமானிலிருந்து எங்கள் ஊர் மூன்று மைல். அந்த மூன்று மைலை அவர் நடந்து வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வந்ததும் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரிய படத்தை விரித்தார்.

"இது எந்த ஊருங்க?"

சொன்னோம். படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அப்படித் தெரியலியே" என்றார்.

வெளிநாட்டுக்காரன் வானத்தில் விட்ட சேட்டிலைட்டு எடுத்த படமாம் அது. அதில் எங்கள் வயல்களெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆறும் குளமும் கறுப்பு. எல்லாக் குழப்பமும் அந்தப் பெஞ்சில்தான் ஆரம்பித்தது.

அது ஊர் இரண்டுபட்டுக் கிடந்த காலம். கூலித் தகராறில் வயலுக்கு வயல் செங்கொடி. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. எல்லாம் பண்ணையாரின் நிலத்தில் இருந்தன. அவர் கோபித்துக்கொண்டால் சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அந்த வருஷம்தான் கவர்மெண்டில் மனைப்பட்டா தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகப் பண்ணையார் தரிசாகக் கிடந்த கோரைப்பள்ளத்தை விட்டுக் கொடுத்திருந்தார். என் மனைவி அங்கே போய் வாசல் எந்தப் பக்கம் என்று குச்சி நட்டுவிட்டு வந்திருந்தாள்.

படத்தை முதலில் பார்த்த பண்ணையாருக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னய்யா இது, என் நெலம் பூரா செகப்பா இருக்கு? எப்ப எடுத்த படம்?"

"போன மார்கழிங்க."

"மார்கழியிலேயே புடிச்சிட்டானுங்களா!"

"அய்யோ, அது பயிருங்க. பச்சையா இருக்கறதுதான் இதுல செகப்பாத் தெரியும்."

"அதத்தானய்யா நானும் சொல்றேன்! வெளியில பச்சையாச் சிரிக்கிறானுவ, உள்ளுக்குள்ள செகப்பு!"

சங்கத் தலைவர் கோவிந்தராசுவுக்கோ வாய் கொள்ளாத சிரிப்பு. கோயில் நிலமும் சிவப்பு, பண்ணை நிலமும் சிவப்பு. ஆபீசில் மாட்ட ஒரு காப்பி கேட்டார். பிறகு விரலால் தேடி எங்கள் தெருவைக் கண்டுபிடித்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"கொடி ஏத்தினதே நாங்க. எங்க தெரு மட்டும் ஏன் சார் வெளுத்துக் கெடக்கு?"

"அங்க பயிர் இல்லீங்களே."

கோவிந்தராசு அன்று முழுவதும் எங்களைச் சந்தேகமாகவே பார்த்தார்.

கடைசியாக வந்தவர் ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். "கறுப்பு, செவப்பு! ஆகாசத்துலயும் நம்ம கொடிதான்டா!" என்று டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். அதையாவது குறை சொல்ல முடியாது.

பூமியைத் திருகித் துளைக்கிற இரும்புக் கம்பி ஒன்று சாரிடம் இருந்தது. அதைத் தூக்க, தொணதொணவென்று பேசாத ஆள் ஒருவர் வேண்டும் என்றார். ஊரே என்னைக் கை காட்டியது. கோரைப்பள்ளத்தில் துளைத்தோம். முழங்கை ஆழத்துக்குக் களிமண், அதற்குக் கீழே பொடிமணல். சார் அதில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டினார்.

"இது ஆறு" என்றார்.

படத்தில் சிவப்புக்கு நடுவே மங்கலாக ஒரு கறுப்புக் கோடு வளைந்து போனது. எந்தக் காலத்திலோ வெட்டாறு அந்த வழியாக ஓடியதாம். "கரை ஒடஞ்சா தண்ணி பழைய வழிய மறக்காதுங்க. இங்க வீடு கட்டாதீங்க."

காய்ந்து வெடித்துக் கிடக்கிற கட்டாந்தரையை ஆறு என்கிறார். நாலு பேரிடம் சொன்னால் சிரிப்பார்கள். சொல்லாமல் இருந்தால் குச்சி நட்ட இடத்தில் என் வீடு.

டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அவரே சொல்லிவிட்டார். பட்டா வேண்டாம் என்று சொல்லப் பண்ணை வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டார் என்றார் கோவிந்தராசு. நான் கொடுத்ததையே வேண்டாம் என்கிறான், சரியான செங்கொடி என்றார் பண்ணையார். பட்டா கொடுக்கிற விழாப் பந்தலுக்கு முன்பணம் கொடுத்தாச்சே என்றார் கிளைச் செயலாளர். சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்கும்தான்.

ஊரை விட்டுக் கிளம்பும் அன்று பண்ணையார் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால், கம்பியோடு நானும் நின்றேன். பேசாத ஆளை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

"சார், இதுலயே அதிகமாச் செவந்து கெடக்கறது எந்த எடம்?"

சார் சந்தோஷமாக விரலை வைத்தார். பண்ணை வீட்டை ஒட்டிய மேட்டு வாழைத்தோப்பு. "இந்தச் செகப்ப இந்தப் பக்கமே பாக்க முடியாதுங்க. அருமை!"

பண்ணையார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுக்குப் பக்கத்துலயேவா? இந்தச் செகப்பு போக என்ன வழி?"

"வெட்டினா போயிடும். ஆனா மறுபடி துளுத்து வந்துடுமே."

"அடியோட போகணும் சார்."

சார் யோசித்தார். "வீடு கட்டினா போயிடுங்க."

பத்தே நாளில் பண்ணையார் தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுத்தார். கோரைப்பள்ளத்துக்குப் பதில் வாழைத்தோப்பு. கோவிந்தராசு போராட்டம் வென்றது என்றார். கிளைச் செயலாளர் ஆட்சியின் சாதனை என்றார். பந்தல் இடம் மாறியது. என் மனைவி குச்சியைப் பிடுங்கி வந்து மேட்டில் நட்டாள்.

அடுத்த கார்த்திகையில் வெட்டாறு உடைந்தது. தண்ணீர் நேராகக் கோரைப்பள்ளத்துக்குத்தான் வந்தது. சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி, தயங்காமல் வந்தது. ஓர் ஆள் உயரம். பன்னிரண்டு குடும்பமும் மேட்டில் நின்று பார்த்தோம். என் மனைவி மட்டும், தான் முதலில் குச்சி நட்ட இடம் எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிகிற சமயத்தில் ஆகாச சார் வந்தார். சாலை இருக்கும்போது வயல் வழியாக, முழங்கால் சேற்றில், தலையில் படச்சுருளோடு. எங்கள் வீடுகளைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

"இங்க வாழை இருந்துச்சே! அவ்வளவு நல்ல வாழைய ஏங்க வெட்டினாரு?"

எனக்கு வாய் வரை வந்தது. "தெரியலீங்க சார்" என்றேன். உள்ளே என் மனைவி சிரித்த சத்தம் தெரு முழுவதும் கேட்டது.

வருத்தத்தோடு படத்தை விரித்து, சிவப்பின் நடுவே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். "அடுத்த படத்துல இந்த எடம் வெளுப்பாத் தெரியும். அது நீங்கதான்."

சாயங்காலம் கும்பகோணம் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டேன். பிறகு ஜன்னல் வழியாகக் கண்டக்டரைக் கூப்பிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார நீங்களே பாத்து எறக்கி விட்டுடுங்க. கீழ அவருக்கு ஒண்ணும் தெரியாது."

இப்போதும் மேகமில்லாத காலை வேளைகளில் வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் புள்ளியில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியட்டுமே.